பெரியவர் அறைக்கு லேமினேட் தரை... நீங்களே போடலாம்!

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டியவர்கள் யாராவது இருக்கிறார்களா? ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்து, கட்டிலிலிருந்து கீழே இறங்கி அவர்கள் முதல் அடி வைக்கிற இடத்தை நீங்கள் என்றாவது தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்ததில்லை. என் மாமியார் விழுந்த பிறகுதான் பார்த்தோம்.

முப்பது வருஷத்து மொசைக் தரை. "கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்ட தரை. அதன் மேல் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், கொஞ்சம் முகப் பவுடர். அவ்வளவுதான்... அத்தைக்கு இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பில் வலு குறைந்துகொண்டே வருவதால், வயதான காலத்தில் ஒரு சின்ன சறுக்கலே போதும் என்றார் டாக்டர். உலகம் முழுவதும் கீழே விழுந்து உயிரிழப்பவர்கள் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. அதில் வயதானவர்களே அதிகம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றுதான். "படுக்க விடாதீங்க, நடக்க வைங்க!" ஆனால் அத்தைக்கோ அந்த அறையின் பெயரைக் கேட்டாலே பயம். "அந்தத் தரையில நான் கால் வைக்க மாட்டேம்மா" என்று நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு வாரத்தில் திரும்பி வருவதாக ஏற்பாடு. அதற்குள் தரையை மாற்ற வேண்டும். மொசைக்கை உடைத்து டைல்ஸ் போடுவதென்றால் வீடே புழுதிக் காடாகிவிடும். லேமினேட் போடுகிற கடைகளில் கேட்டால், "ஒரே ஒரு ரூமுக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாதுங்க" என்றார்கள். சரி, நாமே போடுவோம் என்று என் வீட்டுக்காரரும் நானும் இறங்கினோம். இரண்டு நாள் சனி, ஞாயிறில் முடிந்தது. ஒரு தப்பும் செய்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

லேமினேட் என்பது என்ன?

பார்த்தால் மரம், ஆனால் முழு மரம் இல்லை. மரத்தூளை அரைத்து, பிசின் சேர்த்து, பலமாக அழுத்திச் செய்த பலகைதான் நடுப்பகுதி. அதன் மேல் மரத்தின் வரிகளை அச்சடித்த காகிதம். அதற்கும் மேலே தேய்மானத்தைத் தாங்கும் கடினமான, ஒளி ஊடுருவும் பூச்சு. 1977-ல் ஸ்வீடன் நாட்டு பெர்ஸ்டார்ப் கம்பெனி கண்டுபிடித்த சமாசாரம் இது. ஆரம்பத்தில் பலகைகளைப் பசை போட்டுத்தான் ஒட்டினார்கள். 1990-களின் பின்பாதியில், ஒன்றுக்குள் ஒன்று 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும் பலகைகள் வந்தன. அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்களும் கை வைக்க முடிந்தது.

முக்கியமான விஷயம், இந்தத் தரை உங்கள் பழைய தரையோடு ஒட்டுவதே இல்லை. பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. மெல்லிய ஃபோம் விரிப்பின் மேல் பாய் விரித்த மாதிரி மொத்தமாகக் கிடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகிற எல்லாமே சுலபமாகப் புரியும்.

கால் வைத்தால் மொசைக் மாதிரி சில்லென்று ஏறாது. மூட்டுவலிக்காரர்கள் வெறுங்காலோடு நடக்க இதமாக இருக்கும். வழுக்குமா என்றால், அது நீங்கள் வாங்கும் ரகத்தைப் பொறுத்தது. பளபளப்பான ரகம் மொசைக்குக்கு அண்ணன்! கடையில் விரலால் தடவிப் பார்த்தால் மரத்தின் வரிகள் சொரசொரப்பாகத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட மங்கலான ரகத்தையே வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் சாக்ஸ் போட்ட காலுக்கு வழுக்கும். அதையும் மறக்காதீர்கள்.

யாருக்கு இது வேண்டாம்?

தண்ணீர்தான் லேமினேட்டின் ஜென்ம விரோதி. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் பலகை ஊறி உப்பிவிடும். மறுபடி வற்றாது. ஆகவே பாத்ரூம், சமையலறை, துணி துவைக்கும் இடம், மூன்றும் கூடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது! அப்படித் தண்ணீர் வந்த வீடு என்றால் லேமினேட்டை மறந்துவிடுங்கள். எஸ்.பி.சி. என்று கல் மாவும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள் வருகின்றன. அதுவும் இதே மாதிரி 'கிளிக்' என்று மாட்டுவதுதான். தண்ணீருக்கு அசையாது. என்னைக் கேட்டால், தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அதுவே மேல்.

இன்னொரு எதிரி கரையான். கதவு நிலையிலோ, அலமாரிக்குப் பின்னாலோ மண் கோடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் முதலில் அதற்கு மருந்து அடித்து, கரையான் ஒழிந்தது உறுதியான பிறகே தரையைப் பற்றி யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் கரையானுக்கு விருந்து வைத்த கதைதான்.

கடைக்குப் போகும் முன்

அறையின் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் அத்தை அறை பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி, அதாவது 120 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்காகப் பத்து சதவிகிதம் கூட்டினால் 132. எங்களுக்குக் கிடைத்த பலகை ஒவ்வொன்றும் 1,380 மில்லிமீட்டர் நீளம், 193 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் கனம். பெட்டிக்கு எட்டுப் பலகை, சுமார் 23 சதுர அடி வரும். ஆறு பெட்டி வாங்கினோம். ஒரு பெட்டியே கிட்டத்தட்ட 15 கிலோ. ஆகவே முழங்காலை மடக்கிக் குனிந்து தூக்குங்கள், இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். தரை போடப் போய் நீங்களே படுத்துக்கொண்டால் யார் பார்ப்பது?

பெட்டியின் மேல் ஏ.சி. என்ற இரண்டு எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். ஏர்கண்டிஷனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! தேய்மானத்தைத் தாங்கும் சக்திக்கான அளவு அது. வீட்டுக்கு ஏ.சி.3 போதும். வாக்கரும் சக்கர நாற்காலியும் உருளப் போகிறது என்றால் ஏ.சி.4 வாங்குங்கள். ஐந்துக்குப் போனால் காசுதான் தண்டம்.

அதைவிட அவசியமாகப் பார்க்க வேண்டியது இ1 என்ற குறி. பலகையை ஒட்டும் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதிகமானால் கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பு வரும். இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் முடிவு செய்தது. இ1 என்றால் கசிவு வரம்புக்குள் இருக்கிறது என்று அர்த்தம். குறியே இல்லாத மலிவுச் சரக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் படுக்கையறைக்கு வேண்டாம். இ1 வாங்கினாலும், தரை போட்ட பிறகு நாலைந்து நாள் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு அப்புறம் பெரியவர்களைப் படுக்க வையுங்கள்.

நிறத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. கண்புரை உள்ளவர்களுக்கு எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் கட்டில் எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. கட்டிலும் கதவும் கருமையா? தரை வெளிர் நிறமாக இருக்கட்டும். பட்டை பட்டையாகக் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும் டிசைனைத் தவிர்த்துவிடுங்கள். மறதி நோய் உள்ளவர்கள் கறுப்புப் பட்டையைப் பள்ளம் என்றோ படி என்றோ நினைத்துத் தாண்டப் பார்ப்பார்கள்.

பெட்டிகளை வாங்கி வந்ததும் பிரிக்காதீர்கள்! போடப்போகிற அதே அறையில், தரையில் படுக்கை வசமாக 48 மணி நேரம் வைத்திருங்கள். அந்த அறையின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பலகை பழக வேண்டும். சுவரில் சாய்த்து நிற்க வைத்தால் வளைந்துபோகும்.

கீழே இருக்கும் தரைதான் பாதி வேலை

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மேலே போடுகிற பலகை எத்தனை உசத்தியாக இருந்தாலும், கீழே மேடு பள்ளம் இருந்தால் நடக்க நடக்க ஆடும். நாள்பட்டால் பூட்டு உடைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். கொத்தனாரிடம் ஆறரை அடி நீள மட்டப்பலகை இருக்கும். இரவல் வாங்கி, தரையில் நிற்க வைத்து நாலா பக்கமும் நகர்த்திப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரிந்தால் அங்கே பள்ளம். தானே மட்டமாகிக்கொள்ளும் சிமெண்ட் கலவை கடையில் கிடைக்கிறது. கரைத்து ஊற்றி நன்றாகக் காயவிடுங்கள். மேடு இருந்தால் தேய்த்து எடுக்க வேண்டும். பழைய தரை டைல்ஸா? சாவியால் தட்டிப் பாருங்கள். டொப் டொப் என்று சத்தம் வருகிற டைல்ஸ் ஒட்டு விட்டிருக்கிறது. அதைச் சரி செய்த பிறகுதான் மேற்கொண்டு வேலை.

ஈரத்தைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு அடி சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க கழித்துப் பிரியுங்கள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீரோ, தரையில் கறுத்த நிறமோ தெரிந்தால் கீழேயிருந்து ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் லேமினேட் போடாதீர்கள். புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையென்றால், ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக் காயவிட வேண்டும்.

உங்கள் உடம்பு பத்திரம்!

வேலையில் பாதி நேரம் மண்டியிட்டுத்தான் இருக்க வேண்டும். முழங்கால் உறை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பழைய தலையணையை வெட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். மூட்டுவலி, முதுகுவலி உள்ளவர்கள் கணக்குப் போடுவதோடு நிறுத்திக்கொண்டு, மண்டியிடும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

பலகையை அறுக்கும் வேலையை பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள், அறைக்குள் வேண்டாம். இந்தத் தூள் மாவு மாதிரி நைசாக இருக்கும். சாதாரணத் துணியில் நிற்காது. என்-95 முகக்கவசம் போடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கியது உள்ளே கிடக்கும், ஆனால் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் புதிதாக வாங்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் அந்த இரண்டு நாளும் வேறு இடத்தில் இருப்பது நல்லது. தூளை துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்பாமல், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒரு சின்ன நுணுக்கம்... கைரம்பத்தால் அறுத்தால் பலகையின் டிசைன் பக்கம் மேலே இருக்க வேண்டும். மின்சார ஜிக்-சா மெஷினில் அறுத்தால் டிசைன் பக்கம் கீழே. மாற்றிச் செய்தால் ஓரம் பிசிறு பிசிறாகப் பெயர்ந்துவரும். எங்கள் முதல் பலகை அப்படித்தான் பாழாயிற்று.

ஆரம்பிக்கலாமா?

தரையை நன்றாகப் பெருக்கிவிட்டு, 200 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை விரியுங்கள். ஒரு ஷீட் மேல் இன்னொன்று எட்டு அங்குலம் ஏறி இருக்க வேண்டும். இணைப்பில் டேப். சுவர் ஓரத்தில் இரண்டு அங்குலம் மேலே ஏற்றி விடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதன் மேல் 2 மில்லிமீட்டர் ஃபோம். இது ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, ஓரத்தோடு ஓரம் சேர வேண்டும். "மெத்துனு இருக்கட்டுமே" என்று தடியான ஃபோம் போடாதீர்கள். கால் அமுங்கும், பூட்டு உடையும், தள்ளாடுகிற பெரியவர்களுக்கு நிலை தடுமாறும்.

பலகைகளை மூன்று பெட்டியிலிருந்து மாற்றி மாற்றி எடுங்கள். நிறத்தில் லேசான வித்தியாசம் இருந்தாலும் கலந்து போய்விடும். அறையின் நீளவாட்டில், முடிந்தால் ஜன்னல் வெளிச்சம் பாயும் திசையில் போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

முதல் வரிசையை சுவர் ஓரமாக இடது மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். பலகையின் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் பள்ளம் இருக்கும். பெரும்பாலும் நாக்குப் பக்கம் சுவரைப் பார்க்க வேண்டும். அந்த நாக்கை அறுத்து எடுத்துவிடுங்கள். சில கம்பெனிகளில் இது தலைகீழ். பெட்டிக்குள் வைத்திருக்கும் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்காக மர ஆப்புகளோ, பிளாஸ்டிக் ஆப்புகளோ வரிசையாகச் செருகிக்கொண்டே போங்கள். நாலு சுவருக்கும் இதே இடைவெளிதான்.

இப்போது எங்கள் அறைக் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு அடி என்பது 3,658 மில்லிமீட்டர். இரண்டு பக்க இடைவெளி போக 3,638. முழுப் பலகை இரண்டு போட்டால் 2,760. மீதி 878. மூன்றாவது பலகையில் அந்த அளவை வெட்டினால் 502 மில்லிமீட்டர் துண்டு மிஞ்சும். அதைத் தூக்கி எறியாமல் இரண்டாவது வரிசையை அதிலேயே ஆரம்பியுங்கள். அப்போதுதான் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வராமல், செங்கல் கட்டடம் மாதிரி தள்ளித் தள்ளி வரும். பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் இணைப்புகளுக்குள் குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளாட்டம் இருக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் மிஞ்சும் 1,004 மில்லிமீட்டர் துண்டு மூன்றாவது வரிசையை ஆரம்பிக்கும். மூன்றாவதில் மிஞ்சுவது வெறும் 126. அது எதற்கும் ஆகாது, வைத்துவிட்டு நாலாவதைப் புதுப் பலகையில் ஆரம்பிக்கலாம். மூன்று வரிசைக்கு எட்டுப் பலகை என்று இதே கணக்கு கடைசி வரை ஓடும்.

மாட்டுவது எப்படி? புதுப் பலகையை லேசாகத் தூக்கின வாக்கில் சாய்த்து, முன் வரிசையின் பள்ளத்துக்குள் நுழைத்து, அமுக்கிக்கொண்டே கீழே இறக்குங்கள். 'கிளிக்'! சந்து தெரிந்தால் ஒரு மரக்கட்டையை ஓரத்தில் வைத்து அதன் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். பலகையையே தட்டினால் விளிம்பு நசுங்கிவிடும். முதல் இரண்டு வரிசைக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் கை பழகிவிட்டது. ஃப்ளாட்டில் இருப்பவர்கள் கீழ் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மதியத் தூக்கத்தில் தலைக்கு மேல் டொக் டொக் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது!

கதவு நிலை வரும் இடத்தில் பலகையை வளைத்து வளைத்து வெட்டுவது பெரும் பாடு. அதைவிட, ஒரு துண்டுப் பலகையையும் ஃபோமையும் நிலைக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, அதன் மேல் கைரம்பத்தைப் படுக்க வைத்து மரநிலையின் அடியை அறுத்துவிடுங்கள். பலகை அதற்கு அடியில் நுழைந்துகொள்ளும். இரும்பு நிலையென்றால் 10 மில்லிமீட்டர் சந்து விட்டு, மீள் தன்மையுள்ள சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். தரை மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பதால் கதவின் அடியையும் சீவ வேண்டியிருக்கும். இந்த ஒரு வேலைக்கு ஆசாரியைக் கூப்பிட்டோம்.

கடைசி வரிசையில்தான் நாங்கள் சறுக்கினோம். பத்து அடி என்பது 3,048 மில்லிமீட்டர். ஒரு பக்க இடைவெளியும் பதினைந்து முழு வரிசையும் போக மிச்சம் 143. இந்தப் பக்கத்து இடைவெளிக்காகப் பத்தைக் கழித்து 133-க்கு வெட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் 142-க்கு வெட்டினார். "ஏங்க, சந்து விடணுமே?" என்றேன். "சந்து தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்மா. பாரு, எப்படி கச்சிதமா உக்காந்திருக்கு!" என்றார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதன் மேல் ஸ்கர்ட்டிங் பட்டை வரும், சந்தே வெளியில் தெரியாது என்பது இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை. எதிர்ச் சுவர் ஓரமாக, புடவைகள் அடைத்த இரும்பு பீரோவையும் நகர்த்தி வைத்துவிட்டோம்.

இது நடந்தது ஏப்ரலில். அத்தை வந்தார். "இது மரமா, பேப்பராம்மா?" என்று காலால் தடவிப் பார்த்தார். இரண்டே வாரத்தில் வாக்கரோடு அறைக்குள் தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கு ஏக சந்தோஷம்.

அக்டோபரில் மழை பிடித்தது. நாலைந்து நாள் வெயிலே இல்லை. ஒரு காலையில் பார்த்தால் அறையின் நடுவில் இரண்டு வரிசைப் பலகைகள் கூடாரம் மாதிரி மேலே எழும்பி நிற்கின்றன! அத்தையின் வாக்கர் கால் அதில் தட்டி, நல்லவேளை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால்... நினைக்கவே எனக்குக் கை நடுங்குகிறது.

என்ன நடந்தது என்றால், காற்றிலுள்ள ஈரத்தில் பலகை கொஞ்சம் விரியும். ஒவ்வொன்றும் துளித்துளி விரிந்தாலும் பதினாறு வரிசையும் சேர்ந்தால் சில மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒரு பக்கம் பீரோ அழுத்திப் பிடித்துக்கொண்டது. மறுபக்கம் சுவர் இடித்தது. போக இடமில்லாமல் நடுவில் எழும்பிவிட்டது. அந்தப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. சுவரோரப் பட்டையைக் கழற்றி, கடைசி வரிசையை எடுத்து 133-க்கு வெட்டி மறுபடி போட்டோம். பீரோவை அடுத்த அறைக்கு மாற்றினோம். மேடு தானாகவே மெல்ல மெல்ல அமர்ந்துவிட்டது. பூட்டு உடையாதது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே நீங்கள் வேலையை முடித்ததும் நாலு சுவர் ஓரத்தையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது இடிக்கிறதா? செருகிய ஆப்புகளையெல்லாம் எடுத்தாச்சா? குழாய் வரும் இடத்தில் துளை குழாயைவிட 20 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கிறதா? ஸ்கர்ட்டிங் பட்டையைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல. கதவு இடிக்காமல் இருக்க ஸ்டாப்பர் வைக்கிறேன் என்று தரையில் ஸ்குரூ முடுக்கினாலும் இதே கதிதான். இன்னொன்று, கடைசி வரிசை இரண்டு அங்குலத்துக்குக் குறைவாக வரும்போல் தெரிந்தால், முதல் வரிசையையே கொஞ்சம் குறுக்கி வெட்டி ஆரம்பியுங்கள். மெல்லிய துண்டு நிற்காது.

வாசலில் ஒரு சின்னப் படி!

அறை ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. ஹால் பழைய உயரத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு சென்டிமீட்டர்தான் பெரிய படியைவிட ஆபத்து. பெரிய படி கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. காலை இழுத்து இழுத்து நடக்கிற பெரியவர்களுக்கு விரல் தட்டும். கடையில் 'ரெட்யூசர்' என்று கேளுங்கள், ஒரு பக்கம் சாய்வாக இறங்கும் பட்டை. அதைப் போட்டால் வாக்கரும் சுலபமாக ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் சமமான உயரமாக இருந்தால்தான் 'டி' பட்டை.

பாத்ரூம் வாசலில் இன்னும் கவனம். ஈரக் காலோடு வெளியே வந்து முதலில் மிதிக்கும் இடம் அது. அங்கே பலகையின் ஓரம் ஊறினால் வரப்பு மாதிரி எழும்பும், அதுவும் தட்டி விழ வைக்கும். படிக்கல் ஓரத்தில் விட்ட சந்தை முழுவதும் சிலிக்கான் பசையால் அடைத்து, மேலே பட்டை போடுங்கள். கால் துடைக்க, அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியை பாத்ரூமுக்கு உள்பக்கம் போடுங்கள். நழுவுகிற துணி மிதியடி வீட்டிலேயே வேண்டாம். பாத்ரூமில் சொரசொரப்பான டைல்ஸும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இல்லாமல், படுக்கையறைத் தரையை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், தரையை விட்டுவிட்டு பாத்ரூம் கம்பியை முதலில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தினசரி பராமரிப்பில் ஒரே பழக்கத்தை மாற்ற வேண்டும். பக்கெட் தண்ணீரில் துணியை முக்கி, சொட்டச் சொட்டத் துடைக்கிற நம்ம ஊர் வழக்கம் இங்கே ஆகாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் நானே கூட நின்றேன். தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். வேக்ஸ், பாலிஷ் எதுவும் போடக் கூடாது. அப்புறம் மறுபடியும் கண்ணாடித் தரைதான்! நாள், கிழமைகளில் ஈர மாக்கோலம் போடுகிறவர்கள் ஒரு மணைப் பலகையில் போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்ப்பதும் பவுடர் பூசுவதும் கட்டிலில் உட்கார்ந்தபடி, கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டு. துணியை உடனே எடுத்துவிட வேண்டும்.

எங்களுக்கு மொத்தம் 43 பலகை பிடித்தது. இரண்டைப் பாழாக்கினோம். மிஞ்சிய மூன்றையும் பழைய பெட்டியிலேயே போட்டுப் பரணில் படுக்கை வசமாக வைத்திருக்கிறோம். நீங்களும் மிஞ்சியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் ஒரு பலகை ஊறிப்போனால், அதே டிசைன் அப்போதும் கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.